சமையலறையில் கை வெட்டிக்கொண்டால்: முதல் நிமிடம் முதல் தையல் பிரிக்கும் நாள் வரை

காய் நறுக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நறுக்கி முடித்து, சமைத்து, சாப்பிட்டு, நுரை மூடிய பாத்திரத் தொட்டிக்குள் கையை விட்டுக் கரண்டியைத் தேடியபோதுதான் அடியில் கிடந்த கத்தி இடது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. அடுத்த 14 மணி நேரத்தில் ஒருவர் என்னென்ன தவறு செய்ய முடியுமோ அத்தனையும் செய்தேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்தேன். ஸ்பிரிட்டை உள்ளே ஊற்றிவிட்டு அலறினேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். மறுநாள் 3 தையல் போட்டார்கள், நான்காம் நாள் சீழ் பிடித்து அதில் 2 தையலை முன்கூட்டியே பிரிக்க வேண்டியதாயிற்று. பத்து நாளில் முடிந்திருக்கவேண்டிய காயம் ஒரு மாதம் இழுத்தது.

புதிதாகச் சமைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, நான் செய்திருக்கவேண்டிய வரிசையை எழுதிவைக்கிறேன். இது மருத்துவர் சொல்லுக்கு மாற்று ஆகாது. மருத்துவரிடம் போய்ச் சேரும் வரைக்கும், போய்விட்டு வந்த பிறகும் நாம் செய்யவேண்டியது மட்டும்.

1. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்

கத்தியைக் கீழே வையுங்கள், அடுப்பை அணையுங்கள், மிக்ஸியில் பட்டிருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் உட்காருங்கள், தரையில் உட்கார்ந்தாலும் சரி. ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றி விழுவது வீரம் இல்லாததால் அல்ல. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் உடம்பின் அனிச்சைச் செயல் அது. நின்றபடி மயங்கினால் விரல் காயத்தோடு மண்டைக் காயமும் சேரும்.

காயம்பட்ட கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். கை வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2. அழுத்துங்கள், எட்டிப் பார்க்காதீர்கள்

சுத்தமான துணியோ காயம் கட்டும் காஸ் துணியோ எடுத்துக் காயத்தின் மேலேயே வைத்து நன்றாக அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் 10 நிமிடம், இடையில் ஒருமுறைகூடத் துணியை விலக்கக்கூடாது. எல்லோரும் தோற்கும் இடம் இதுதான். ரத்தம் உறைந்து உருவாகும் மெல்லிய அடைப்பை ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் பிய்த்தெடுக்கிறோம், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள்.

செய்யக்கூடாத சில:

- விரலைச் சுற்றிக் கயிறோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டாதீர்கள். கழற்ற மறந்தால் விரலுக்கே ஆபத்து.
- கைக்குக் கிடைத்த பொடியை எல்லாம் அப்பாதீர்கள். ரத்தம் நின்றதுபோல் தெரியும். ஆனால் அதைச் சுரண்டிக் கழுவி எடுத்த பிறகுதான் தையல் போட முடியும், அந்தக் கழுவல் வெட்டைவிட வலிக்கும்.
- கண்ணாடித் துண்டோ கத்தி நுனியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதன் மேல் அழுத்தாமல் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, மணிக்கட்டில் வெட்டியிருந்தாலோ இதற்கு மேல் படிக்க வேண்டாம். அழுத்திப் பிடித்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

3. குழாய்த் தண்ணீர் போதும்

சிறு காயமென்றால் முதலில் கழுவிவிட்டு அழுத்தலாம். ரத்தம் நிறையப் போனால் முதலில் அழுத்தி நிறுத்திவிட்டு, பிறகு கழுவுங்கள். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் ஓடும்போது காயத்தை அதில் 5 நிமிடமாவது காட்டுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு போடலாம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்லும், கூடவே ஆறவேண்டிய சதையையும் அரிக்கும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கழுவிய பிறகு விளிம்புகள் தாமாக ஒட்டி நின்றால் துடைத்து, மெல்லிதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஜெல்லி இருந்தால் மறுநாள் பிளாஸ்டரோடு புண்ணும் பிய்ந்து வராது. காய் சீவியிலோ துருவியிலோ விரல் நுனித் தோல் கொஞ்சம் சீவிப்போனால், ரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வந்தாலும், பெரும்பாலும் தைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. எலும்பு தெரியாதவரை ஒழுங்கான டிரெஸ்ஸிங்கிலேயே சில வாரங்களில் சதை வளர்ந்துவிடும்.

4. தையல் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். ரத்தம் நின்றுவிட்டது, அதனால் காயம் சின்னது என்று நினைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நரம்போ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ அறுந்த காயத்தில் ரத்தம் சீக்கிரமே நின்றுவிடலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்:

- 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை.
- காயம் வாய் பிளந்து நிற்கிறது, அல்லது உள்ளே மஞ்சளாகக் கொழுப்போ வெள்ளையாக ஏதோவோ தெரிகிறது.
- ஆழம் அரை சென்டிமீட்டரைத் தாண்டும்போல் இருக்கிறது.
- விரல் மூட்டின் மேல் வெட்டியிருக்கிறது. மடக்கும்போதெல்லாம் திறந்துகொள்ளும்.
- உள்ளே கண்ணாடியோ எலும்புச் சில்லோ தங்கியிருக்கலாம் என்று சந்தேகம்.
- உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது, அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

இதோடு இரண்டு சோதனை. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு காயத்துக்கு அப்பால் உள்ள விரல் நுனியின் இரண்டு ஓரத்தையும் யாரையாவது மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். மற்றக் கை விரலைப்போல் உணர்வு இருக்கிறதா? மரத்திருந்தால் நரம்பு. இரண்டு, விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டுங்கள். கடைசி மூட்டு மட்டும் மடங்காவிட்டால் தசைநாண். இரண்டும் தாமாகச் சரியாகாது. கை அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்கவேண்டியவை, அதுவும் நாள் கடத்தாமல்.

விரல் நுனி துண்டாகவே போய்விட்டால், துண்டைத் தேடி எடுத்து லேசாகத் தண்ணீரில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுப்போகும். ஒட்டவைக்க முடியுமா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், எடுத்துக்கொண்டு மட்டும் போங்கள்.

5. நேரக் கணக்கு

காயம்பட்ட நேரத்தை எழுதிவையுங்கள். மருத்துவமனையில் கேட்கும் முதல் சில கேள்விகளில் அது ஒன்று. 6 மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது. சுத்தமான காயத்தை அதற்குப் பிறகும் தைப்பார்கள் என்றாலும், நேரம் ஆக ஆகக் கிருமித் தொற்றின் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். என்னைப்போல் இரவு 9 மணிக்கு வெட்டிக்கொண்டு காலை 11 மணிக்குப் போய் நின்றால், மருத்துவர் முதலில் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

வீட்டில் இருக்கும் சூப்பர் குளூவை ஊற்றி ஒட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மருத்துவமனையில் தோலை ஒட்டும் பசை உண்டுதான், அது அந்த வேலைக்கென்றே செய்தது. கடைப் பசை தோலை எரிக்கும், உள்ளே அழுக்கை வைத்து மூடியும் விடும்.

6. கையோடு எடுத்துப்போக வேண்டியவை

ஒற்றைக் கையால் பெட்டியைக் குடைந்து தாள் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை இன்றே செய்துவிடுங்கள். ஒரு தாளில் எழுதி, அதைப் படமெடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்:

- கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதி. சீட்டு இருந்தால் அதன் படம். குழந்தைகளுக்குத் தடுப்பூசிப் புத்தகம்.
- ஒவ்வாமை: பென்சிலின் போன்ற மருந்து, மரத்துப்போகப் போடும் ஊசி, ரப்பர் கையுறை, பிளாஸ்டர் பசை.
- தினமும் சாப்பிடும் மாத்திரைகள், அளவோடு. நீரிழிவு போன்ற நோய்கள்.
- அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, பாலிசி எண்.
- அவசரத்துக்கு அழைக்கவேண்டியவரின் எண்.

ஒரு சின்ன விஷயம். என் போன் இடது ஆள்காட்டி விரல் ரேகைக்குத்தான் திறக்கும். அந்த விரல் கட்டுக்குள் இருந்தது, பதற்றத்தில் கடவுச்சொல்லும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைப் பதிந்துவையுங்கள்.

நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒற்றைக் கை, பாதி மயக்கம், மனம் முழுக்கக் கட்டுத் துணியில். வேறு யாராவது ஓட்டட்டும்.

7. மருத்துவமனையில்

கிளம்பும் முன் போன் செய்து "இந்நேரத்தில் தையல் போட ஆள் இருக்கிறார்களா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். சிறிய கிளினிக்கில் இரண்டும் இல்லாமல், ஆலோசனைக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கும்.

முதலில் விரலை அசைக்கச் சொல்வார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். இது மரப்பு ஊசிக்கு முன்னால் நடக்கவேண்டும். ஊசி போட்ட பிறகு மரத்திருப்பது காயத்தாலா மருந்தாலா என்று கண்டுபிடிக்க முடியாது. நுனி மரத்திருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியில் வெட்டியிருந்தால் எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். கண்ணாடி பெரும்பாலும் அதில் தெரியும். மரச் சிராயும் பிளாஸ்டிக்கும் அநேகமாகத் தெரியாது, ஆகவே எதனால் வெட்டியது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மழுப்ப வேண்டாம்.

விரல் அடியில் போடும் அந்த ஊசிதான் மொத்தத்தில் அதிகம் வலிப்பது. அதன் பிறகு இழுப்பது மட்டும் தெரியும்.

எழுந்து வருவதற்கு முன் இந்த நான்கையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்: எத்தனை தையல், நூல் தானாகக் கரைவதா பிரிக்கவேண்டியதா, எந்தத் தேதியில் பிரிக்கவேண்டும், இன்று டெட்டனஸ் ஊசி போட்டார்களா. நூலைப் பற்றிக் கேட்காமல் வந்து, கரையும் என்று நம்பி இரண்டு வாரம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது கரைகிற நூலே இல்லை.

8. டெட்டனஸ் ஊசி: துருவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்

பளபளக்கும் கத்தியில்தானே வெட்டியது, ஊசி எதற்கு என்று நானும் கேட்டேன். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருப்பவை. மண் ஒட்டிய காயைக் கத்தி தொட்டிருந்தால் போதும், துரு தேவையில்லை.

பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது, நாட்டுக்கு நாடு சிறிது மாறும். சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயமென்றால், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால்தான் மறுபடி வேண்டும். ஆழமான அல்லது அழுக்குப் பட்ட காயமென்றால் 5 ஆண்டு. தேதியே தெரியாதென்றால் போட்டுவிடுவார்கள். அழுக்கான காயமாகவும் இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் சேரலாம், அது விலை கூடிய மருந்து. அந்த ஒரு தேதியைப் பத்திரமாக வைத்திருப்பதால் மிச்சமாகும் பணமும் ஊசிக் குத்தும் சின்னதல்ல.

9. செலவும் ரசீதும்

"தையலுக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் வரும் பதில் அரைப் பதில்தான். செலவு பல துண்டுகளாக வரும்: மருத்துவர் கட்டணம், இரவு அல்லது விடுமுறை நாள் கூடுதல், தையல் போடும் கட்டணம், அதற்கான பொருள்கள், எக்ஸ்ரே, தடுப்பூசி, மருந்து. பிறகு ஒவ்வொரு டிரெஸ்ஸிங்குக்கும் தனி, தையல் பிரிப்பதற்கும் தனி. கடைசி இரண்டும் சேர்த்தா இல்லையா என்று முதல் நாளே கேளுங்கள்.

எனக்கு ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டு ரசீது கொடுத்தார்கள், நானும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். காப்பீட்டுக்கு அனுப்பியபோது தனித்தனியாகப் பிரித்த பில் கேட்டார்கள், அதற்காக இரண்டு நடை. ஆக, பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் அன்றே கேட்டு வாங்குங்கள். படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகப் பார்த்ததற்குச் சில காப்பீடுகள் பணம் தரும், சில தராது. விண்ணப்பிக்கக் கெடு நாளும் இருக்கும். பாலிசியில் அந்த இரண்டு வரியை மட்டுமாவது படித்துவையுங்கள். கையால் வேலை செய்பவராக இருந்தால், எத்தனை நாள் ஓய்வு என்று தேதி போட்ட மருத்துவச் சான்றையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பின்னால் போய்க் கேட்டால் முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

10. வீட்டுக்கு வந்தபின்

முதல் 24 மணி நேரமாவது கட்டு நனையக்கூடாது. கையைத் தொங்கவிட்டால் விண்விண்ணென்று தெறிக்கும், தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும்.

இரண்டாம் நாளிலிருந்து கவனமாகப் பாருங்கள். காயத்தைச் சுற்றி லேசாகச் சிவப்பது இயல்பு. சிவப்பு பரவினால், வலி குறையாமல் ஏறினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு தெரிந்தால், அன்றே போங்கள். எனக்கு மூன்றாம் நாள் இரவே வலி ஏறியது. மறுபடியும் காலையில் பார்க்கலாம் என்றேன். சிலருக்குப் புத்தி தவணை முறையில்தான் வருகிறது.

கையில் போட்ட தையலைப் பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள், மூட்டின் மேல் என்றால் 10 முதல் 14 நாள். தோல் பசை 5 முதல் 10 நாளில் தானாக உதிரும். அதன் மேல் களிம்பு தடவினால் முன்பே கரைந்துவிடும்.

அதுவரை சமைக்கலாமா? காயம் மூடியிருந்து, தண்ணீர் புகாத பிளாஸ்டரும் அதன் மேல் கையுறையும் இருந்தால் சமைக்கலாம். சீழ் பிடித்திருந்தால் கூடாது. அந்தக் கிருமிகளில் ஒன்று உணவில் பெருகி வெளிவிடும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உணவகச் சமையலறைகளில் நீலப் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். நீல நிற உணவு அரிது என்பதால், கழன்று விழுந்தால் உடனே கண்ணில் படும். வீட்டுக்கும் ஒரு பெட்டி வாங்கிவைத்துவிட்டேன்.

11. சுட்டுக்கொண்டால் வரிசை வேறு

ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு எரிச்சல் போனதும் எடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. சுட்டு 3 மணி நேரம் வரைக்கும்கூட இது பயன் தரும். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றுங்கள், ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு பிளாஸ்டிக் உறைத்தாளைச் சுற்றி இறுக்காமல் நீளவாக்கில் மேலே போர்த்துங்கள்.

விரல்களோடு சேர்த்த உங்கள் உள்ளங்கை அளவைத் தாண்டினால், முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் கொப்புளித்தால், தோல் வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தால், அல்லது சுட்டுக்கொண்டது குழந்தை என்றால் மருத்துவமனை. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

12. மறுபடி கத்தி எடுக்கும் முன்

மழுங்கிய கத்திதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். மழுங்கிய கத்திக்கு அதிகம் அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும். தீட்டிவையுங்கள். உருளும் காயை முதலில் இரண்டாக வெட்டித் தட்டையான பக்கத்தைப் பலகையில் படியவைத்து நறுக்குங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி. காயைப் பிடிக்கும் கையின் நுனிகளை உள்ளே மடக்குங்கள், கட்டைவிரல் பின்னால் இருக்கட்டும். விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், காலை எடுத்துக்கொண்டு விழவிடுங்கள். கழுவவேண்டிய கத்தியைத் தொட்டிக்குள் போடாமல், கையிலேயே வைத்துக் கழுவித் துடைத்து அப்போதே எடுத்துவைத்துவிடுங்கள்.